கிணறு, தூண், ஊருணி: கன அளவு பார்க்க எத்தனை வாய்பாடு வேண்டும்?

கேள்வி, மே 2

கோத்தமங்கலத்தில் எங்கள் ஆயா வீட்டுக் கிணற்றைத் தூர் வாரினோம். வட்டக் கிணறு. உள்விட்டம் 9 அடி, இப்போது 14 அடி தண்ணீர் நிற்கிறது. எத்தனை லிட்டர் இருக்கும் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "விட்டத்தை விட்டத்தால பெருக்கி 0.785 போடுங்க, அப்புறம் ஆழத்தால பெருக்குங்க" என்றார். பத்தாவது படிக்கும் என் மகள் அது தப்பு, பை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம் பெருக்கல் உயரம்தான் சரி என்கிறாள். எது சரி? அதோடு இன்னொன்று. உருளைக்கு ஒன்று, கனச்செவ்வகத்துக்கு ஒன்று, முக்கோணப் பட்டகத்துக்கு ஒன்று என்று இத்தனை வாய்பாட்டையும் பிள்ளைகள் மனப்பாடம் செய்துதான் ஆக வேண்டுமா?

பதில், மே 2, இரவு

இரண்டும் ஒன்றுதான். ஆரம் என்பது விட்டத்தில் பாதி. பாதியை வர்க்கப்படுத்தினால் விட்டத்தின் வர்க்கத்தில் கால் பங்கு வரும். பை 3.1416, அதில் கால் 0.7854. மேஸ்திரி அந்தக் காலை முதலிலேயே வகுத்து மனதில் வைத்துக்கொண்டு விட்டத்தை நேராகப் போடுகிறார். டேப்பில் அளக்கக் கிடைப்பது விட்டம்தான். ஆரத்தை அளக்க வேண்டுமென்றால் கிணற்றின் நடுப்புள்ளியில் போய் நிற்க வேண்டும். அதனால் வேலை நடக்கிற இடத்தில் அவர் வழி சுருக்கம், வகுப்பில் மகள் வழி தெளிவு.

9 × 9 = 81. அதற்கு 0.785 போட்டால் 63.6 சதுர அடி. 14 அடிக்கு 890 கன அடி. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். ஆகக் கிணற்றில் சுமார் 25,200 லிட்டர் இருக்கிறது. மகள் 22/7 போட்டிருந்தால் 891 கன அடி என்று வந்திருக்கும். வித்தியாசம் இரண்டு குடம் தண்ணீர், அவ்வளவுதான்.

மனப்பாடம் பற்றிக் கேட்டீர்கள். ஒன்று போதும். ஒரு பொருளை எந்த இடத்தில் குறுக்கே வெட்டினாலும் வெட்டுமுகம் ஒரே வடிவம், ஒரே அளவு என்றால், அந்த முகத்தின் பரப்பை நீளத்தால் பெருக்கு, கன அளவு வந்துவிடும். முகம் வட்டமானால் உருளை, முக்கோணமானால் முக்கோணப் பட்டகம், செவ்வகமானால் கனச்செவ்வகம். பெயர்தான் மாறுகிறது, கணக்கு மாறவில்லை. பழைய வீடுகளைப் பழுது பார்க்கிற வேலையில் அளவு எடுத்து எஸ்டிமேட் போடுவது என் பிழைப்பு. அங்கே பிழை வருவது பெருக்கலில் இல்லை. எந்த முகத்தை அளப்பது, அது கடைசிவரை அதே முகமாக இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதில்தான் வருகிறது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தால் வாய்பாடு தானாக வந்துவிடும்.

மே 3

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். 14 அடிக்கும் சேர்த்து ஒரே தடவையாகப் பெருக்கி வைக்காதீர்கள். முதலில் ஓர் அடிக்கு எவ்வளவு என்று போட்டு வையுங்கள். 63.6 கன அடி, அதாவது அடிக்கு 1,800 லிட்டர். கிணற்று மேடைச் சுவரில் பெயிண்டால் இதை எழுதிவிடலாம். சித்திரையில் தண்ணீர் இறங்க இறங்கக் கயிறு விட்டுப் பார்த்து, எத்தனை அடி நிற்கிறதோ அதை 1,800-ஆல் பெருக்கினால் போதும். குறுக்குவெட்டுப் பரப்பைத் தனியாகக் கண்டுபிடித்து வைப்பதில் இதுதான் வசதி. ஆழம் தினமும் மாறும், பரப்பு மாறாது.

மே 3, மதியம்

விட்டத்தைச் சுவருக்கு வெளியே அளந்துவிட்டேன், பரவாயில்லையா என்று தேவகோட்டையிலிருந்து ஒருவர் கேட்கிறார். பரவாயில்லை என்று விட முடியாது. முக்கால் அடிச் சுவர் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒன்றரை அடி. 9 அடிக் கிணறு 10.5 அடி ஆகிவிடும். விட்டம் ஆறில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் பரப்பு 63.6-இலிருந்து 86.6-க்குப் போகிறது. நூற்றுக்கு 36 கூடுதல். விட்டம் இரண்டு தடவை பெருக்கப்படுவதால் அதில் வருகிற தப்பும் இரண்டு தடவை உட்கார்ந்துவிடுகிறது. ஆழத்தில் தப்பினால் அந்த அளவு ஆபத்து இல்லை.

உள்விட்டம் எடுக்க எளிய வழி: டேப்பின் ஒரு முனையைச் சுவரின் உள்விளிம்பில் ஒருவர் அழுத்திப் பிடிக்கட்டும். எதிர்ப்பக்கம் இன்னொருவர் டேப்பை இடமும் வலமுமாக நகர்த்தட்டும். எங்கே அளவு அதிகமாக வருகிறதோ அதுதான் விட்டம். நடுப்புள்ளியைத் தேட வேண்டாம். பழைய கிணறுகள் சரியான வட்டமாக இருக்காது. வடக்கு தெற்காக ஒன்று, கிழக்கு மேற்காக ஒன்று என்று இரண்டு அளவு எடுத்து, ஒன்றை மற்றொன்றால் பெருக்கி 0.785 போடுங்கள். நீள்வட்டத்துக்கும் அந்த 0.785-தான்.

வெளிவிட்டம் வீணில்லை. சுவரில் எத்தனை கன அடி கட்டு இருக்கிறது என்று பார்க்க அது வேண்டும். 86.6-இலிருந்து 63.6-ஐக் கழித்தால் அடிக்கு 23 கன அடி. சுவரின் நடுக்கோட்டுச் சுற்றளவைச் சுவர் கனத்தால் பெருக்கினாலும் அதே 23 வரும். வளைந்த சுவரை நிமிர்த்திப் போட்ட நேர்ச்சுவராக நினைத்துக்கொள்ளலாம்.

மே 5

வட்டக் கிணற்றுக்கு விட்டம் கிடைக்கிறது, வட்டத் தூணுக்கு எப்படி என்று கேட்டிருக்கிறார்கள். தூணைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு எடுங்கள். நம் பழைய கணக்கு வழி ஒன்று உண்டு: வட்டத்தில், அதாவது சுற்றளவில், பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு. அதில் பையே தலைகாட்டாது. ஏன் அப்படி என்று மகளுக்குக் காட்ட வேண்டுமா? காகிதத்தில் ஒரு வட்டம் வெட்டி, நடுவிலிருந்து பதினாறு துண்டாக நறுக்கி, ஒன்று மேலும் ஒன்று கீழுமாக மாற்றி மாற்றி அடுக்கச் சொல்லுங்கள். கிட்டத்தட்ட ஒரு செவ்வகம் வரும். அதன் நீளம் பாதிச் சுற்றளவு, அகலம் ஆரம்.

சுற்றளவு மட்டும் கையில் இருந்தால், அதை அதனாலேயே பெருக்கி 12.566-ஆல் வகுங்கள். 40 அங்குலச் சுற்றளவுத் தேக்குத் தூண் என்றால் 1600-ஐ வகுக்க 127.3 சதுர அங்குலம். 144-ஆல் வகுத்தால் 0.884 சதுர அடி. 9 அடி உயரத்துக்கு 7.96, எட்டு கன அடி என்று வையுங்கள்.

மே 5, இரவு

மேலே போட்ட தூண் கணக்கைப் பார்த்துவிட்டு, மரக்கடையில் இப்படி வராதே என்று பள்ளத்தூர் அண்ணன் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. இது பலருக்கும் பணம் சம்பந்தப்பட்டது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

உருட்டு மரத்துக்கு வியாபாரத்தில் இருக்கும் வழக்கம் கால் சுற்றளவு முறை. சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை வர்க்கப்படுத்தி, நீளத்தால் பெருக்குவார்கள். 40 அங்குலத்தில் கால் 10. பத்துப் பத்து நூறு சதுர அங்குலம். 9 அடிக்கு 6.25 கன அடி. அதே தூண் என் கணக்கில் எட்டு, கடைக் கணக்கில் ஆறே கால். ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள், மேஸ்திரியின் அதே 0.785 வந்து நிற்கும். பையில் கால்தான் இங்கேயும்.

காட்டிலிருந்து வருகிற மரத்துக்கு இந்த முறையில் நியாயம் உண்டு. பட்டை போகும், பட்டைக்கு அடுத்த வெள்ளை மரம் போகும், உருட்டைச் சதுரமாக அறுக்கும்போது நாலு பக்கமும் ஓரத்துண்டு கழியும். 40 அங்குலச் சுற்றளவு மரத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய சதுரம் 9 அங்குலம், அதாவது 81 சதுர அங்குலம். முழு வட்டம் 127. இரண்டுக்கும் நடுவே 100-ஐப் பொது அளவாக வைத்துக்கொண்டார்கள். வாங்குகிறவருக்கும் விற்கிறவருக்கும் பொதுவான ஏற்பாடு அது.

ஆனால் நம் வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், நிற்கிற பர்மாத் தேக்குத் தூணுக்கு அது எப்படிப் பொருந்தும்? அது ஏற்கெனவே கடைந்து, இழைத்து, நூறு வருஷம் நின்ற மரம். பட்டை இல்லை, வெள்ளை இல்லை, கழிவும் இல்லை. போன வருஷம் ஒரு ஆச்சி வீட்டின் இடிந்த பகுதியில் இருந்த தூண்களை விலை பேச ஒரு வியாபாரி வந்திருந்தார். டேப்பைச் சுற்றினார், நாலாக மடித்தார், கன அடி விலையால் பெருக்கினார். ஆச்சி விலையைப் பற்றித்தான் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். அளவைப் பற்றி யாருமே கேட்கவில்லை. "அண்ணே, இது தூணா உருட்டா?" என்று கேட்டேன். இதுதான் வழக்கம் என்றார். வழக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் கன அடிக்கு இவ்வளவு என்று ஒத்துக்கொள்ளும்போதே எந்தக் கன அடி என்பதையும் பேசி முடிக்க வேண்டும். ஒவ்வொரு கன அடியிலும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கணக்கில் வராமல் போகிறது. பழைய வீட்டை விற்கிற எல்லோருக்கும் இதை நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். சதுரமாக அறுத்த உத்தரத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அகலம், கனம், நீளம் மூன்றையும் பெருக்கினால் முடிந்தது.

மே 6

அந்தத் தூண்களில் இன்னொன்றைக் கவனித்தேன், நேற்று எழுத விட்டுப்போயிற்று. எண்ணெய் ஏறி ஏறிக் கறுத்துப் போன மரத்தில் துணி டேப் சறுக்கிச் சறுக்கி இறங்கும். இரண்டு விரல் இறங்கினாலும் அளவு மாறிவிடும், ஏனென்றால் தூண் மேலே ஒடுங்கிக்கொண்டே போகிறது. டேப் தரைக்குச் சமமாகச் சுற்றியிருக்கிறதா என்று எதிர்ப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் அளவைப் படிக்க வேண்டும். சாய்வாகச் சுற்றினால் சுற்றளவு கூடுதலாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டவே காட்டாது.

ஒடுங்குகிற மரம் உருளை இல்லை. அடியில் 48 அங்குலம், நுனியில் 36, நீளம் 12 அடி என்று ஒரு மரத்தை எடுத்துக்கொள்வோம். நடுவில் 42. நடு அளவை மட்டும் எடுத்து உருளையாகக் கணக்கிட்டால் 11.70 கன அடி. இரண்டு முனைப் பரப்பையும் கூட்டிப் பாதியாக்கி நீளத்தால் பெருக்கினால் 11.94. உண்மை 11.78. நடு அளவு கொஞ்சம் குறைக்கிறது, முனைச் சராசரி அதைப்போல் இரண்டு மடங்கு கூட்டுகிறது. ஒரே ஓர் அளவுதான் எடுக்க நேரம் இருக்கிறதென்றால் நடுவில் எடுங்கள். மூன்றும் எடுக்க முடிந்தால் நடுப்பரப்பை நாலு தடவையும் முனைப்பரப்புகளை ஒவ்வொரு தடவையும் கூட்டி ஆறால் வகுத்து நீளத்தால் பெருக்கினால் 11.78 அப்படியே வரும். பத்தாம் வகுப்பு அளவியலில் கூம்பின் இடைக்கண்டம் என்று படிக்கிறார்களே, அந்த வாய்பாடும் இதே விடையைத்தான் தரும்.

மே 8

சாய்ந்த பட்டகத்துக்கு எந்த உயரம் என்று ஒரு மாணவர் கேட்டிருக்கிறார், சாய்ந்த பக்கமா நேர் உயரமா என்று. நேர் உயரம். ஆத்தங்குடி டைல்ஸ் முக்கால் அங்குலக் கனத்தில் நாற்பதை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள், 30 அங்குல உயரம். ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே பக்கம் தள்ளிவிடுங்கள். அடுக்கு சாய்கிறது, பக்கம் நீள்கிறது. டைல்ஸ் அதே நாற்பதுதான், உயரமும் அதே 30 அங்குலம்தான். கன அளவு எங்கே கூடும்? எல்லா மட்டத்திலும் வெட்டுமுகம் சமமாக இருந்தால் கன அளவும் சமம் என்று 1635-இல் இத்தாலியின் கவலியேரி எழுதி வைத்தார்.

நீங்கள் சாய்ந்த பக்கத்தின் நீளத்தைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால், அந்த நீளத்துக்குச் செங்குத்தாக வெட்டிய முகத்தை எடுக்க வேண்டும். அது அடிப்பரப்பைவிடச் சின்னது. இரண்டு வழியிலும் விடை ஒன்று. நீளமும் முகமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இருக்க வேண்டும், இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மே 8, இரவு

செங்குத்து என்றதும் வரத்துக்கால் ஞாபகம் வருகிறது. கண்மாய்க்கும் ஊருணிக்கும் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய் படுத்திருக்கும் ஒரு பட்டகம். மேலே 6 அடி, அடியில் 3 அடி, ஆழம் 2 அடி. வெட்டுமுகம் சரிவகம்: ஆறும் மூன்றும் ஒன்பது, பாதி நாலரை, இரண்டால் பெருக்க 9 சதுர அடி. 300 அடி நீளம் வெட்டினால் 2,700 கன அடி மண். நம் ஊரில் லாரிக்காரர்கள் சொல்கிற யூனிட் 100 கன அடி, ஆக 27 யூனிட். வெட்டி எடுத்த மண் உதிர்ந்து பருத்துவிடும் என்பதால் லாரியில் ஏறும்போது அதைவிடக் கூடும்.

இப்போது பாதை கால்வாயைக் கோணலாகக் கடக்கிறது என்று வையுங்கள். பாதையோரம் நின்று அகலத்தை அளந்தால், 45 பாகை கோணலில் 6 அடி 8.5 அடியாகக் காட்டும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் 27 யூனிட் 38 ஆகிவிடும். பதினொரு யூனிட்டுக்குக் கூலி எங்கிருந்து வரும்? தண்ணீர் ஓடும் திசைக்குக் குறுக்கே, நேர்க்குத்தாக நின்று அளக்க வேண்டும்.

மே 11

ஊருணி பற்றிக் கேட்டவருக்கு. ஊருணியைப் பட்டகமாகக் கணக்கிடக் கூடாது, கரை உள்ளே சரிந்து இறங்குகிறது. மேலே 100 அடிக்கு 80 அடி, ஆழம் 8 அடி, ஓர் அடி இறங்க ஒன்றரை அடி உள்ளே வருகிற சரிவு என்றால், அடித்தளம் 76-க்கு 56 தான். மேல்பரப்பு 8,000 சதுர அடி, அடிப்பரப்பு 4,256, நடுமட்டத்தில் 88-க்கு 68, அதாவது 5,984. மரத்துக்குச் சொன்ன அதே நாலு தடவைக் கணக்குப் போட்டால் 48,256 கன அடி. லிட்டரில் பதின்மூன்றரை லட்சத்துக்குச் சற்று மேல். மேலளவை மட்டும் வைத்து 8,000-ஐ எட்டால் பெருக்கினால் 64,000 வரும். உண்மையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, இல்லாத தண்ணீரை இருப்பதாக எழுதிவிடுவோம்.

இன்னொன்று. சரிந்த கரை என்பதால் பாதி ஆழம் நின்றால் பாதித் தண்ணீர் என்று நினைக்கக் கூடாது. கிணற்றுச் சுவரில் எழுதச் சொன்னேனே, "அடிக்கு இவ்வளவு" என்று? அது ஊருணிப் படிக்கட்டில் செல்லாது. அங்கே ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு எழுத வேண்டும். மெனக்கெட்டு எழுதி வைத்தால் ஊருக்கே உதவும்.

மே 12

எங்கள் அப்பத்தா மரக்காலில் நெல் அளக்கும்போது தலைவழித்து அளப்பதா, கோபுரமாக அளப்பதா என்று முதலில் கேட்டுக்கொள்வார்கள். எட்டுப் படி ஒரு மரக்கால். தலைவழித்தால் மரக்கால் வரை மட்டும், கணக்கு நிலையாக நிற்கும். கோபுரம் வைத்தால் மேலே ஒரு கூம்பு ஏறுகிறது. அந்தக் கூம்பு அதே அடி, அதே உயரமுள்ள உருளையில் மூன்றில் ஒரு பங்கு. நெல்லுக்கு ஒரு சரிவு, அரிசிக்கு ஒரு சரிவு, ஈரத்துக்கு ஒரு சரிவு என்று குவியல் மாறும். மணல் வாங்கும்போதும் இதுதான். கொட்டிய குவியலை அளக்காதீர்கள். லாரியிலேயே மட்டம் தட்டச் சொல்லி, பாடியின் உள்ளளவில் நீளம், அகலம், மணல் நிற்கிற உயரம் எடுங்கள். ஈர மணல் காய்ந்த மணலைவிட அதிக இடம் பிடிக்கும், அதையும் பேசிக்கொள்ளுங்கள்.

மே 17

நேற்றுக் கானாடுகாத்தான் பக்கம் நல்ல கோடை மழை. முற்றத்து மூலைக் குழாய்களிலிருந்து விழுகிற தண்ணீரை அண்டா வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயே ஒரு விவாதம் கிளம்பிவிட்டது. ஓட்டுக்கூரை சரிவாக இருப்பதால் அதன் பரப்பு தரைப்பரப்பைவிட அதிகம், அதனால் தண்ணீரும் அதிகம் கிடைக்கும் என்றார் வீட்டுக்கார ஐயா. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படி இல்லை.

மழை மேலேயிருந்து நேராக இறங்குகிற ஒரு பட்டகம். அதன் வெட்டுமுகம், கூரை உச்சி வெயிலில் தரையில் விழ வைக்கிற நிழல்தான். கூரையை எவ்வளவு செங்குத்தாக்கினாலும் நிழல் பெரிதாகாது, ஓடுதான் அதிகம் செலவாகும். 12 அடிச் சரிவு 30 பாகையில் இருந்தால் தரையில் அது 10.4 அடிதான். அந்த 10.4 அடிதான் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர், இதைவிட எளிய கணக்கு உலகத்தில் இல்லை. உள்ளே வடிகிற பகுதியும் முற்றத்துத் திறப்பும் சேர்ந்து 40-க்கு 30 அடி என்றால் 111 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழைக்கு 2,780 லிட்டர். முதலில் காய்ந்த ஓடு கொஞ்சம் குடித்துக்கொள்ளும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கூரை முகட்டுக்கு வெளிப்பக்கம் விழுவது வெளியே போய்விடும், அதை இதில் சேர்க்கக் கூடாது. முன்கூடமான பட்டாலை, முகப்புப் பக்கம் வடிவதைத் தனியாகப் பாருங்கள்.

மே 17, சற்று நேரம் கழித்து

காற்றில் சாய்ந்து அடிக்கிற மழைக்கு என்ன சொல்கிறீர்கள் என்று உடனே கேள்வி வந்துவிட்டது. நல்ல கேள்வி. சாய்ந்த மழையில் எதிர்த்து நிற்கிற சரிவு அதிகம் வாங்கும், முதுகு காட்டுகிற சரிவு குறைவாக வாங்கும். வளவைச் சுற்றி நாலு பக்கமும் உள்நோக்கிச் சரிவதால் ஒன்று கூட ஒன்று குறையும், மொத்தம் பெரிதாக மாறாது. டைல்ஸ் அடுக்கு சாய்ந்தாலும் அளவு மாறவில்லை என்று மே 8-இல் சொன்னேனே, அதே காரணம்தான். தரைமட்டத்தில் எடுத்த வெட்டுமுகம் மாறவில்லை. ஒரு பக்கம் மட்டும் சரிகிற தாழ்வாரத்துக்கு இந்தச் சமாதானம் பொருந்தாது.

மே 24

கல்யாண வீட்டுக்குத் தண்ணீர் வண்டி சொன்னவர் ஒருவர் எழுதுகிறார். படுக்கை உருளை டேங்க், 5,000 லிட்டர். கடைசியில் குச்சி விட்டுப் பார்த்தபோது கால் உயரம் தண்ணீர் நின்றது, 1,250 லிட்டர் மிச்சம் என்று நினைத்தால் சமையல் பாத்திரம் கழுவி முடிக்கும் முன்பே தீர்ந்துவிட்டது, ஏன்?

உருளை படுத்துவிட்டால் கதை வேறு. வட்டம் இப்போது அடியில் இல்லை, பக்கத்தில் இருக்கிறது. தண்ணீரும் ஒரு பட்டகம்தான். அதன் முகம் வட்டத்தின் அடிப்பகுதியில் வெட்டிய ஒரு துண்டு, அதன் நீளம் டேங்கின் நீளம். கால் உயரத்தில் அந்தத் துண்டு முழு வட்டத்தில் நூற்றுக்கு 19.5 தான். 977 லிட்டர். பாதி உயரத்தில் சரியாகப் பாதி. முக்கால் உயரத்தில் நூற்றுக்கு 80.4, அதாவது 4,022 லிட்டர். ஆகக் கால் என்று நினைத்தபோது குறைவாகவும் முக்கால் என்று நினைத்தபோது கூடுதலாகவும் இருந்திருக்கும்.

கோணமும் சைனும் தெரியாமலே இதைக் கண்டுபிடிக்கலாம். கட்டக் காகிதத்தில் வட்டம் வரைந்து, தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கீழே எத்தனை கட்டம், மொத்தம் எத்தனை கட்டம் என்று எண்ணினால் போதும். என்னிடம் டியூஷன் வருகிற பிள்ளைகள் எண்ணியே 19-க்கும் 20-க்கும் நடுவில் வந்துவிடுகிறார்கள். வாய்பாடு தருவதற்கு முன்னால் எண்ண விட வேண்டும் என்பது என் பிடிவாதம். கட்டத்தை எண்ணிய பிள்ளைக்குப் பரப்பு என்றால் என்ன என்று மறக்கவே மறக்காது.

ஜூன் 1

முதலில் கேள்வி கேட்டவர் திரும்ப வந்திருக்கிறார். மகள் இப்போது வீட்டில் கண்ணில் பட்டதையெல்லாம் அளக்கிறாளாம். பின்கட்டில் கிடக்கிற பழைய கருங்கல் தூணை நிமிர்த்தி முகப்பில் நடப் போகிறார்கள், அதன் எடையைத் தான் கண்டுபிடிப்பதாகச் சொல்லியிருக்கிறாள். தூண் மூன்று இடத்தில் சதுரம், நடுவில் இரண்டு இடத்தில் எட்டுப்பட்டை. சதுரத்துக்கு வழி தெரிகிறது, எட்டுப்பட்டைக்கு?

ஒரு பட்டையிலிருந்து எதிர்ப்பட்டைக்கு உள்ள தூரத்தை எடுத்து வர்க்கப்படுத்தி 0.828 போடச் சொல்லுங்கள். இதில் ஓர் அழகு இருக்கிறது. ஒரு அடிச் சதுரத்தின் பரப்பு 1. அதன் நாலு மூலையையும் சமமாகச் செதுக்கி எட்டுப்பட்டையாக்கினால் 0.828. இன்னும் செதுக்கி உருட்டாக்கினால் 0.785. சிற்பி சதுரக் கல்லை எட்டாக்கி, எட்டைப் பதினாறாக்கி, அப்புறம் வட்டமாக்குகிறார். எண்ணும் அவர் உளியோடு கூடவே குறைந்துகொண்டு வருகிறது. உங்கள் மேஸ்திரியின் 0.785 அந்த வரிசையின் கடைசிப் படி.

தூணைத் துண்டு துண்டாகப் பாருங்கள், ஒரே வாய்பாட்டில் அடக்க முயல வேண்டாம். ஒரு அடி அகலம் என்று எழுதியிருக்கிறீர்கள். சதுரங்கள் சேர்ந்து 4 அடி நீளம், அது 4 கன அடி. எட்டுப்பட்டைகள் சேர்ந்து 4 அடி, அது 3.31 கன அடி. மொத்தம் 7.3. கருங்கல் கன அடிக்கு 75 கிலோ அளவில் இருக்கும். ஏறத்தாழ 550 கிலோ. நாலு பேர் கை கொடுத்து நிமிர்த்துகிற கல் இல்லை அது. எடை தூக்கும் செயின் பிளாக்கும் அதைத் தொங்கவிடும் மூன்று கால் சட்டமும் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். சங்கிலி மாட்டும் இடத்தில் சாக்கு சுற்றுங்கள், பட்டையின் விளிம்பு உடைந்துவிடும்.